துரையின் துருப்பிடித்த ரிவோல்வர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நான் வேலை செய்கிறேன். ஆணி, பெயின்ட், குழாய், கயிறு, மண்வெட்டிப் பிடி எல்லாம் விற்கும் கடை. எண்ணெய்களும் திரவங்களும் அடுக்கியிருக்கும் பக்கம் என்னுடைய பொறுப்பு. மண்ணெண்ணெய்க்கும் தின்னருக்கும் வித்தியாசம் தெரியாமல் மனிதர்கள் இவ்வளவு காலம் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்று வியந்தே பத்து வருடம் ஓடிவிட்டது. வருகிற ஆண்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "கடையில ஆள் இல்லியா?" என்று கேட்பார்கள். நானும் எழுந்து நின்று, அவர்கள் ஆளைத் தேடி முடிக்கும்வரை காத்திருப்பேன்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு தனியார் பாதுகாப்புக் கம்பெனியில் இருந்தேன். கிளார்க் வேலைக்குத்தான் எடுத்தார்கள். சேர்ந்த இரண்டாம் மாதமே ஆயுத அறையின் சாவியும் பதிவுப் புத்தகமும் என் கைக்கு வந்துவிட்டன. அந்த அலுவலகத்தில் பின்னேரம் நாலு மணிக்கு மேலும் குடிக்காமல் இருந்த ஒரே ஆள் நான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பெரிய துவக்குகள் ஒன்பது, ரிவோல்வர்கள் இரண்டு. காவலாளிகள் அவற்றை மழையில் நனைத்து எடுத்து வந்து, குடையைச் சாத்துவதுபோலச் சுவரோரம் சாத்திவிட்டுப் போவார்கள். இந்த ஊர்ப் பனியில் இரண்டே நாளில் துரு ஏறிவிடும். துரு ஏன் ஏறியது என்று பதில் எழுத வேண்டியவள் நான். அதனால் கழற்றவும், துடைக்கவும், எண்ணெய் போடவும் பழகிக்கொண்டேன். ஆசைப்பட்டுப் பழகவில்லை. துவக்கு என்பது ஒரு பக்கம் மூடிய இரும்புக் குழாய். அது இடுப்பில் இருக்கிறதென்று நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அன்றும் இளப்பம்தான், இன்றும் இளப்பம்தான்.

என் அக்கா மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அந்த வருடம் அங்கே ஏழாம் நம்பர் தேயிலை மலையில் குளவி கூடு கட்டியிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, பெரிய மரத்தில் மூன்று, கீழே பாறை இடுக்கில் ஒன்று. அக்காவோடு ஒரே நிரையில் நின்ற ஒரு பெண்ணைக் குளவி கொட்டி, முகம் பானை மாதிரி வீங்கி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். கூட்டை எடுக்கும்வரை அந்த மலையில் இறங்கமாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அறுபது பேருக்கு மேல் இருக்கும்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்குத் தோட்டத்து மேனேஜர், எல்லாரும் துரை என்று கூப்பிடுகிறவர், நேரில் வந்தாராம். வழக்கமாக அவர் அங்கே வருவதில்லை. பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது மலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவின் வேலை. துரை வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து துவக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா இதைச் சொன்னாள்.

"வச்சிட்டு ஒரு வார்த்த பேசலடி. பேனாவ உருட்டிக்கிட்டே எங்களப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பறம் 'மலைக்குப் போ'ன்னாரு."

"நீங்க என்னா செஞ்சீங்க?"

"போனோம்."

"குளவி?"

"குளவியும் அங்கதான் இருக்கு. நாங்களும் அங்கதான் இருக்கோம்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அந்தத் துரைமீது வந்த வெறுப்பைவிட, ஒரு இரும்புத் துண்டைப் பார்த்து அறுபது பேர் மலையேறிப் போனதில் வந்த எரிச்சல் அதிகம். "அதுக்குப் போயா பயந்தீங்க?" என்று கேட்டேன். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவள் முன்னால் அது வைக்கப்பட்டிருந்தது, என் முன்னால் இல்லை. அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தத் துரையே எங்கள் கடைக்கு வந்தார்.

யாரென்று எனக்கு முதலில் தெரியாது. வெளியே தோட்டத்தின் பெயர் எழுதிய ஜீப் நின்றதைப் பார்த்துத்தான் விளங்கியது. நாற்பது வயது இருக்கும். எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்தது. மனிதர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பத்துப் பதினைந்து பைகள் வைத்துத் தைத்த ஒரு மேற்சட்டை. அந்தப் பைகளில் ஒன்றில்கூட ஒன்றும் இல்லை. என்னைத் தாண்டி நேராக முதலாளியிடம் போனார்.

எங்கள் முதலாளி நிதானமான மனிதர். தகப்பன் காலத்திலிருந்து அந்தக் கடை அவர்கள் கையில். எவரிடமும் குரல் உயர்த்தமாட்டார். துரை கைப்பேசியைப் பார்த்துப் பட்டியல் வாசித்தார். பெட்ரோல் ஒரு போத்தல். உப்புத்தாள். இரும்பு நார். கிரீஸ் ஒரு டின். துருவை அரிக்கிற அமிலம்.

"என்னத்துக்கு சேர்?" என்று முதலாளி கேட்டார்.

"பிஸ்டல் கிளீன் பண்ண. லைசன்ஸ் புதுப்பிக்க வியாழக்கிழமை காட்ட வேணும்."

"அதெல்லாம் அந்தத் தங்கச்சிதான் பாக்கிறாங்க. அவங்ககிட்டக் கேளுங்க."

துரை திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ், தோட்டத்தில் பழகிய தமிழ். வா, போ, எடு, வை, தூக்கு. வேறு விதமாகப் பேச அவருக்கு அவசியம் வந்ததேயில்லை.

"நீ பிஸ்டல் தெரியுமா?"

"தெரியும் சேர். நீங்க சொன்ன சாமான்ல ஒண்ணக்கூட அது கிட்ட கொண்டு போகக்கூடாது."

சொல்லும்போதே என் குரலில் ஒரு இனிப்பு ஏறியிருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவர் யாரென்று தெரிந்தபிறகு எனக்கு ஒரே ஆசைதான். அந்த மேசையில் துவக்கை வைத்த கைக்கு ஒரு பிரஷ்கூடப் பிடிக்கத் தெரியாது என்று கடை நிறைந்த ஆட்கள் முன்னால் காட்ட வேண்டும்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெட்ரோல் ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும், உங்கள் மீசையோடு சேர்த்து. உப்புத்தாளும் இரும்பு நாரும் துருவை எடுக்கும், அதோடு துவக்கின் கறுப்புப் பூச்சையும் எடுக்கும், பிறகு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அமிலமும் அப்படித்தான். கிரீஸ் வண்டிச் சக்கரத்துக்கு. இந்தக் குளிரில் அது மெழுகாக இறுகி உள்ளே இருக்கிற சின்னச் சின்னப் பாகங்களை எல்லாம் ஒட்டவைத்துவிடும். இடையில் அவர், சமையல்காரன் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தான் என்று சொன்னார். அங்கே நின்ற ஒரு கொத்தனார்கூடச் சிரித்துவிட்டார்.

"இதுக்குன்னே தடி, பிரஷ், மருந்து எல்லாம் துவக்கு விக்கிற கடையில இருக்கு. கண்டிக்கோ கொழும்புக்கோ ஆள் அனுப்பி வாங்குங்க. அதுதான் சரி."

"நேரம் இல்ல. இங்க இருக்கிறத எடு."

எடுத்தேன். ஃபிரிட்ஜ் திருத்துகிறவர்கள் செப்புக் குழாய்க்குள் விட்டுத் தேய்க்கும் சின்ன வட்டப் பித்தளை பிரஷ் ஒன்று. பித்தளை இரும்பைவிட மென்மையானது, துருவையும் கரியையும் எடுக்கும், குழலைக் கீறாது. அதை மாட்ட ஒரு பித்தளைக் கம்பி. பல் துலக்கும் பிரஷ் இரண்டு, இண்டு இடுக்குக்கு. பழைய பருத்தி பனியன் துணி ஒரு கட்டு, சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்ள. பெயின்ட் பகுதியிலிருந்து மினரல் டர்பன்டைன் ஒரு போத்தல். அது அழுக்கையும் பழைய எண்ணெயையும் கரைக்கும், தின்னர் மாதிரி மரப்பிடியின் வார்னிஷைத் தின்னாது. துரு இறுகிய இடத்தை இளக்க ஒரு ஸ்ப்ரே. அது இளக்கத்தான், காவலுக்கு நிற்காது, பிறகு அதைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். கடைசியாகத் தையல் மெஷின் எண்ணெய், சின்னப் போத்தல். இரண்டு சொட்டுக்கு மேல் தேவையில்லை. ரப்பர் கையுறை ஒரு சோடி. சன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

மேசையில் பரப்பி வைத்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும். அவர் ஏமாந்துபோனவர் மாதிரிப் பார்த்தார். பெட்டி, பூட்டு, வெல்வெட் துணி என்று ஏதோ எதிர்பார்த்திருப்பார்.

"எல்லாத்துக்கும் முதல்ல தோட்டாவ எடுத்துட்டீங்களான்னு பாக்கணும். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. தோட்டா அந்த அறையிலயே இருக்கக்கூடாது."

"அது எம்ப்டி" என்றார். சொல்லிவிட்டு, தோளில் தொங்கிய கணினிப் பைக்குள் கையை விட்டு, தோல் உறையோடு அந்தத் துவக்கை எடுத்து எங்கள் கடை மேசையில் வைத்தார். ஆணிப் பெட்டிகளுக்கும் பில் புத்தகத்துக்கும் நடுவில். குழலின் வாய் என் வயிற்றைப் பார்த்தது.

ஆறு வருடம் ஆயுத அறையில் இருந்தவள் நான். அப்படியிருந்தும் பின்வாங்கி அலமாரியில் முட்டிக்கொண்டேன். பெரட்டுக்களத்துக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று அந்த நொடியில் விளங்கியது.

விலகி நின்று சொன்னேன். "சேர், அத நீங்களே தூக்குங்க. விரல உள்ள போடாதீங்க. தரையப் பாத்தாப்போல பிடிச்சிக்கிட்டு என்னோட பின்பக்கம் வாங்க."

முதலாளி கடைக்குள் இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பினார். கடைக்குப் பின்னால் விற்பனைக்குக் கொட்டிய மணல் குவியல் இருக்கிறது. அதற்கு நேரே குழலை வைத்துப் பிடிக்கச் சொன்னேன். "இப்ப தோட்டா போடுற சிலிண்டரத் திறங்க."

அவர் பார்த்தார். கட்டைவிரலால் அங்கே இங்கே அமுக்கினார். அது பிஸ்டலே இல்லை, ரிவோல்வர் என்பது அவருக்குத் தெரியாது. அதைத் திறப்பது எப்படி என்றும் தெரியாது. எத்தனை காலம் இடுப்பில் வைத்திருந்தாரோ, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"நீயே செய்" என்று நீட்டினார்.

அப்போது நான் மறுத்திருக்க வேண்டும். பொலிஸுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

தோல் உறை ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஈரத் தோலுக்குள் இரும்பைப் போட்டு வைப்பதைவிடத் துரு வளர்க்க நல்ல வழி இல்லை. தேங்காய் எண்ணெய் நாள்பட்டுக் காறி, மஞ்சள் பசையாகிச் சிலிண்டரைச் சுற்றிப் படிந்திருந்தது. சிலிண்டரைத் திறக்கும் பொத்தானை அமுக்கினேன், சிலிண்டர் அசையவில்லை. கீலிலும் அச்சிலும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, மணலைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். அவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளினேன். தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தத்தோடு சிலிண்டர் வெளியே வந்தது.

ஆறு ஓட்டை. ஆறிலும் தோட்டா. பித்தளையில் பச்சைக் களிம்பு.

"எம்ப்டின்னீங்களே சேர்."

"அது... டிரைவர் போட்டிருப்பான்."

ஒவ்வொன்றாக எடுத்து ஒரு ஆணி டின்னில் போட்டேன். நாலாவது தோட்டாவை எடுத்தபோது என் கை நின்றது. அதன் பின்பக்கத்தில், நட்ட நடுவில், சின்னக் குழி. துவக்கின் சுத்தி தோட்டாவை அடித்த தடம். யாரோ விசையை இழுத்திருக்கிறார்கள். வெடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இது யாரு சேர் அடிச்சது?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரித்தார். "லயத்து நாய் ஒண்ணு. பங்களாப் பூங்காவுக்குள்ள வந்திச்சு. சுட்டேன், வெடிக்கல்ல."

"நாய்?"

"நாய் ஓடிட்டு."

நாய்க்கு இருந்த புத்தியை நினைத்துக்கொண்டேன். அப்படியானால் தோட்டா இருப்பது அவருக்குத் தெரியும். ஆறு தோட்டாவோடுதான் அதை அறுபது பெண்கள் முன்னால் மேசையில் வைத்தார். அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். என் அக்கா அந்த அறுபதில் ஒருத்தி என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "தோட்டாவெல்லாம் ஈரம் பட்டிருக்கு சேர். இத பொலிஸ்ல குடுத்திருங்க. திரும்பப் போடாதீங்க."

அதோடு நிற்கவில்லை நான். அந்தத் துவக்கைத் துடைத்துக் கொடுத்தேன்.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டுவிட்டேன். பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயம் இல்லை. பெருமைதான். "ஆள் இல்லியா?" என்று கேட்டவர்கள் எல்லாரும் அந்த ஒரு மனிதராக எனக்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது. பின்வாசல் திறந்திருக்க, பலகையில் பழைய பத்திரிகையை விரித்து, ஒழுங்காக, ஒன்றும் விடாமல் செய்தேன். டர்பன்டைனில் பிரஷை நனைத்துக் குழலுக்குள் விட்டு இழுத்தேன். ஆறு ஓட்டைகளையும் தேய்த்தேன். துணித் துண்டுகள் கறுப்பாக வந்து, பழுப்பாக வந்து, கடைசியில் வெள்ளையாகவே வெளியே வந்தன. காயவிட்டு, கீலுக்கும் அச்சுக்கும் ஒவ்வொரு சொட்டுத் தையல் எண்ணெய். பிறகு வெளிப்புறம் முழுக்க எண்ணெய்த் துணியால் ஒரு தடவல். விரலால் சுழற்றினால் சிலிண்டர் தடங்கல் இல்லாமல் சுற்றியது. உறைக்குள் போடாதீர்கள், காய்ந்த துணியில் சுற்றிப் பூட்டி வையுங்கள் என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

"குட்" என்றார் துரை. அந்த ஒரு சொல்லுக்கு என் முகம் மலர்ந்தது. முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஞாயிறு போனபோது அக்காவிடம் இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். தேங்காய் எண்ணெய், கறுப்புக் கண்ணாடி, திறக்கத் தெரியாமல் முழித்தது. அவள் சிரிக்கவேயில்லை.

"திங்கக்கெழம திரும்ப பெரட்டுக்கு வந்தாரு" என்றாள். "திரும்ப மேசையில வச்சாரு. பளபளன்னு இருந்திச்சு. கண்டாக்கையாகிட்ட சொல்றாரு, 'இப்ப நல்லா வேல செய்யும்'னு. எங்களுக்குக் கேக்கணும்னே சொன்னாரு."

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"நீதான் தொடச்சிக் குடுத்தியா?"

"அக்கா, துருப்புடிச்சாலும் அது வெடிச்சிருக்கும். உள்ள ஆறு..."

"நான் அதக் கேக்கல. நீ தொடச்சிக் குடுத்தியான்னு கேட்டேன்."

"ஆமா."

அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். குழாயடியில் குடம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. அவள் குடத்தை எடுக்கவில்லை. அந்தத் துரையைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த இளப்பம் அவ்வளவும் அன்று என் பக்கம் திரும்பியது. அவர் மடையர்தான், பயங்காட்டி வேலை வாங்குகிற கோழைதான். ஆனால் அந்த மடையரின் கையில் வேலை செய்கிற துவக்கைக் கொடுத்தது, வேலை தெரிந்த நான்.

குடத்தோடு அவள் திரும்பி வந்தபோது சொன்னேன். "அக்கா, லைசன்ஸ் குடுக்கிறது உசிரக் காப்பாத்திக்க. வேலையாளுக மேசையில வச்சு மெரட்ட இல்ல. நான் பொலிஸ்ல எழுதிக் குடுக்கிறேன். உள்ள என்ன இருந்திச்சுன்னு நான் கண்ணால பாத்தேன்."

"நீ மட்டும் போனா உன்னயத்தான் புடிச்சிப் போடுவாங்க" என்றாள் அக்கா. "நாங்களும் கையெழுத்துப் போடணும்."

முறைப்பாட்டை நானே சிங்களத்தில் எழுதினேன். கம்பெனியில் பதிவுப் புத்தகம் சிங்களத்தில்தான் எழுதினேன், அதனால் கை வந்தது. லயம் லயமாகக் கொண்டுபோனோம். அறுபது பேரில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் பிள்ளை, வீடு, தற்காலிக வேலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த பெண் கொட்டின தழும்பு மறையாத விரலால் பேனாவைப் பிடித்து எழுதினாள்.

பொலிஸில் ஒரு சார்ஜன்ட் வாசித்தார். நடுவில் தலையைத் தூக்கிச் சிங்களத்தில் கேட்டார், ஆறு தோட்டா இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் எடுத்தேன் என்றேன். ஒன்றில் சுத்தியின் தடம் இருப்பதையும், அது எந்த இடத்தில் எப்படி இருந்தது என்பதையும், நாயைச் சுட்டதாக அவர் வாயால் சொன்னதையும் சொன்னேன். சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

"மற்றவருடைய ஆயுதத்தைக் கையில் எடுக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?"

இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் துரையின் பெயருக்குக் கீழே என் பெயரும் ஏறியது. எச்சரித்து அனுப்பினார்கள். முதலாளியையும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, முப்பது வருஷத்தில நான் பொலிஸ் படி ஏறினதில்ல. இனிமே துவக்குக்கு சாமான் கேட்டு யார் வந்தாலும் இல்லண்டு சொல்லுங்க." வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் என்னோடு அதிகம் பேசவில்லை.

துரை பொலிஸில் என்ன சொன்னார் என்று கண்டாக்கையா வழியாக அக்காவுக்கு வந்தது. துவக்கை வெறும் பாரத்துக்குத்தான் மேசையில் வைத்தாராம், காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க. காகிதத்துக்கு ஆறு தோட்டா எதற்கு என்று அவர்களும் கேட்டிருக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை காட்டியும் முடிவாகாமல் இருந்த லைசன்ஸைப் புதுப்பிக்கவில்லை. விசாரணை முடியும்வரை ரிவோல்வர் பொலிஸ் களஞ்சியத்தில் இருக்கும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை. துரை இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். கறுப்புக் கண்ணாடியையும் விடவில்லை என்கிறாள் அக்கா. எங்கள் கடைக்கு மட்டும் வருவதில்லை. குழாய் வாஷர் வாங்கக்கூட டிரைவரைக் கீழ்த்தெருக் கடைக்கு அனுப்புகிறார்.

துவக்கு பொலிஸுக்குப் போன அந்த வாரமே பெண்கள் மறுபடி ஏழாம் நம்பர் மலையில் இறங்க மறுத்தார்கள். இந்த முறை கையெழுத்துப் போடாதவர்களும் நின்றார்கள். துரை பெரட்டுக்கு வந்து வெறுங்கையோடு மேசையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கொஞ்ச நேரம் கத்தினாராம். கத்தி முடிந்ததும் யாரும் அசையவில்லை. மூன்றாம் நாள் பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து குளவிக் கூடு எடுக்கத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். புகை போட்டு, சாக்கில் கட்டி, நாலு கூட்டையும் எடுத்துவிட்டார்கள். அரை நாள் வேலை.

"அரை நாள் வேலையடி" என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பிறகு, ஞாயிறு வரும்போது வலிக்குத் தேய்க்கிற மருந்து ஒரு போத்தல் வாங்கி வா, தோள் வலிக்கிறது என்றாள். வாங்கிக்கொண்டு போனேன். அவள் தோளில் நானே தேய்த்துவிட்டேன்.